நம் உடம்பு யார் கையில்?

மாதுங்காவில் நடைபெற்ற மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் உறுப்பினர்களுக்காக ஓரிரு விளக்கங்கள் மட்டும் சேர்த்துத் தரப்படுகிறது.



"ஆரோக்கியத்தைப் பத்தி ஏதாவது பேசுங்கோ, அரை மணி போதும்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, மத்திய அரசில் 35 வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 74. ஆனால் இரண்டரை வருஷமாக எனக்கு ஒரு புதிய தகுதி வந்திருக்கிறது. என் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். ஆகவே நோயாளி என்ற தகுதியில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். கடுமையான நோய் வந்த ஒருவர், தன் உடம்பு இப்போது யார் கையில் இருக்கிறது என்று நினைக்கிறார்? தன் கையிலா, டாக்டர் கையிலா, பகவான் கையிலா? அப்படி நினைப்பதால் அவருக்கு ஏதாவது லாப நஷ்டம் உண்டா? கூட இருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்?

அளந்து பார்த்தவர்கள்

நம் ஆத்துப் பெரியவர் ஒருவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "பகவான் விட்ட வழி" என்பார் ஒருவர். "டாக்டர் பாத்துக்கறார், எனக்கென்ன தெரியும்?" என்பார் இன்னொருவர். "நான் பத்தியமா இருக்கேன், ஒண்ணும் வராது" என்பார் மூன்றாமவர். இந்த மூன்று பதில்களையும் வைத்து அளவுகோலே செய்திருக்கிறார்கள் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் ஜூலியன் ராட்டர் என்ற உளவியலாளர், வாழ்க்கையில் நடப்பதற்குத் தானே காரணம் என்று நினைப்பவர்கள், வெளியே உள்ள சக்திகளே காரணம் என்று நினைப்பவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். 1966ல் வெளியான அவருடைய கட்டுரை மிகவும் பிரசித்தம். கென்னத் வால்ஸ்டன், பார்பரா வால்ஸ்டன் தம்பதியரும் அவர்களுடைய சகாவும் 1978ல் இதை ஆரோக்கியத்துக்குப் பொருத்தி 18 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். என் கை, பெரியவர்கள் கை, அதிர்ஷ்டத்தின் கை என்று மூன்று தலைப்பு; ஒவ்வொன்றுக்கும் ஆறு வாக்கியம். ஏற்கெனவே நோயில் இருப்பவர்களுக்காக 1994ல் தனிப் படிவம் வந்தது. அதில் டாக்டர்களை ஒரு பக்கமும் வீட்டு மனிதர்களை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தார்கள். 1999ல்தான் கடவுள் என்ற தலைப்பு சேர்ந்தது! நம் ஊரில் செய்திருந்தால் அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள்.

இதில் நான் கவனித்தது, ஒருவர் ஒரு தலைப்பில் அதிக மதிப்பெண் வாங்கினால் மற்றதில் குறைய வேண்டும் என்ற விதி இல்லை என்பதே. பகவானையும் நம்பலாம், டாக்டரையும் நம்பலாம், தன் முயற்சியையும் நம்பலாம். மூன்றும் ஒரே மனசில் சண்டையில்லாமல் இருக்கும். நம் வீடுகளில் சுவாமி அலமாரிக்குக் கீழேயே மாத்திரை டப்பாவை வைக்கிறோமே, அதற்கு அர்த்தம் அதுதான்.

ஏன் வந்தது, இனி என்ன

அமெரிக்காவில் ஷெல்லி டெய்லரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மார்பகப் புற்றுநோய் வந்த 78 பெண்களைப் பேட்டி கண்டு 1984ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உங்களுக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று கேட்டார்கள். அநேகமாக எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. மன அழுத்தம் என்றார்கள், பரம்பரை என்றார்கள், சாப்பாடு என்றார்கள். ஆனால் எந்தப் பதிலைச் சொன்னார்கள் என்பதற்கும், நோயோடு எவ்வளவு நன்றாக மனம் தேறியிருந்தார்கள் என்பதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. வேறொரு மனிதரைக் குற்றம் சாட்டியவர்கள் மட்டும் மனம் தேறுவதில் பின்தங்கியிருந்தார்கள். அதற்கு மாறாக, இனி நடப்பதில் தன் கையில் கொஞ்சம் இருக்கிறது என்று நம்பியவர்களும், டாக்டர் கையில் இருக்கிறது என்று நம்பியவர்களும் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி. இனி என்ன செய்யலாம் என்பது வேறு கேள்வி. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். வியாதி பிராரப்தம் என்று சொல்பவர் மாத்திரை சாப்பிட மாட்டார் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். அது சரியல்ல. முதல் கேள்விக்குப் பிராரப்தம் என்று பதில் சொல்லி மனசைச் சமாதானம் செய்துகொண்டு, இரண்டாவது கேள்விக்கு ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர்கள் நம்மில் ஏராளம். எனக்கு நீரிழிவு 28 வருஷம். என் தகப்பனாருக்கும் இருந்தது. ஏன் வந்தது என்ற கோப்பை நான் அத்தோடு மூடிவிட்டேன்.

நம் முன்னோர்கள் இதை யோசிக்காமல் இல்லை. சரக ஸம்ஹிதையில் ஆயுள் முன்பே நிர்ணயிக்கப்பட்டதா என்ற விவாதம் வருகிறது. எல்லாம் நிர்ணயிக்கப்பட்டது என்றால் வைத்தியமே வேண்டாமே என்று கேட்டு, தெய்வம், மனித முயற்சி இரண்டும் சேர்ந்தே ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்று அந்த நூல் முடிவு செய்கிறது. அதே நூல் சிகிச்சைக்கு நான்கு கால்கள் என்கிறது: வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. நோயாளிக்கு வேண்டிய குணங்களில் சொன்னபடி நடப்பது ஒன்று; பயப்படாமல் இருப்பது ஒன்று; தன் நோயைத் தானே எடுத்துச் சொல்வது ஒன்று. திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதே நான்கைச் சொல்கிறார். ஆனால் அவர் வரிசையில் முதலில் நிற்பவர் நோயாளி!

அடுத்த நாற்காலி

மும்பையை அறியாத உறுப்பினர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நாம் கூடியிருக்கும் மாதுங்காவிலிருந்து தாராவி கூப்பிடு தூரம்தான். நடுவில் ரயில் பாதை. இந்தப் பக்கம் கோயில், கச்சேரி, ஃபில்டர் காபி. அந்தப் பக்கம் தோல் பட்டறை, குயவர் வாடா, பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம். இரண்டு பக்கமும் தமிழ் கேட்கும். நான் செம்பூரில் வசிக்கிறேன். எனக்கு டயாலிசிஸ் நடப்பது சயான் பக்கம் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனத்தின் மையத்தில். என் செலவு மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் போகிறது. அடுத்த நாற்காலியில் இருப்பவர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலி, தோல் பை தைப்பவர், 52 வயது. அவர் செலவு மாநில அரசுத் திட்டத்தில் போகிறது. இயந்திரத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

டயாலிசிஸ் நோயாளியின் கையில் என்ன இருக்கிறது? பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது, நாம் படுத்திருக்கிறோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் திரவம்தான் அனுமதி. காபி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். சந்தியாவந்தன ஆசமன தீர்த்தத்தை மட்டும் டாக்டர் சிரித்துக்கொண்டே கணக்கில் சேர்க்காமல் விட்டார். உப்பு கூடினால் தாகம் கூடும். ஆகவே அப்பளமும் ஊறுகாயும் போயின. பொட்டாசியம் கூடினால் இருதயத்துக்கு ஆபத்து. ஆகவே இளநீரும் வாழைப்பழமும் போயின. காய்கறியை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் என் மனைவி சமைக்கிறாள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறேன் என்று போனவுடன் எடை பார்ப்பார்கள். அது மாணவனுக்கு மார்க் ஷீட் மாதிரி.

என் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா செய்திருக்கிறார்கள். அந்தக் கையில் பளு தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்க விடக் கூடாது. தினமும் காலையில் அதன் மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவது போல ஒரு சிறு அதிர்வு தெரியும். அது நின்றால் உடனே சொல்ல வேண்டும். அதை என்னைத் தவிர வேறு யாரும் தினமும் பார்க்கப் போவதில்லை. இந்த ஒரு காரியம் முழுக்க என்னுடையது என்ற நினைப்பு எனக்குக் கொடுத்த தைரியத்தை எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை.

"என்ன சார், இன்னிக்கு எத்தன கிலோ கொண்டாந்திய?" என்று தாராவிக்காரர் கேட்பார். அவர் எப்போதும் இரண்டு கிலோவுக்குள்தான் வருவார். அரை லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி வைத்துக்கொண்டு, டீ குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிடுவார். "எல்லாம் சாமி கையில சார். ஆனா பாட்டிலு நம்ம கையில" என்றார் ஒரு நாள். நான் இதுவரை சொன்ன ஆராய்ச்சியெல்லாம் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

நோயாளி கையில் இல்லாதவை

ஆனால் நோயாளி ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே மனிதருக்குப் பல வருஷம் முன்பு காசநோய் வந்து தீர்ந்தது. எத்தனை டாக்டர், எத்தனை சீட்டு மாறியது என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் தாராவியில் நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

1991ல் வெளியான ஓர் ஆய்வில், மும்பையில் இப்படிப்பட்ட பகுதிகளில் தொழில் செய்த சுமார் 100 தனியார் மருத்துவர்கள் காசநோய்க்கு 80 விதமான மருந்துச் சீட்டுகள் எழுதினார்கள் என்று தெரிந்தது. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, மாஹிம் ஹிந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் தாராவியில் 106 மருத்துவர்களிடம் அதே மாதிரி கேட்டு 2010ல் வெளியிட்டார்கள். 63 விதமான சீட்டுகள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். இப்படிப்பட்ட இடத்தில் மருந்து பலிக்காத நோயாளியைப் பார்த்து "நீ ஒழுங்கா சாப்பிடலை" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! கட்டுப்பாடு உன் கையில் என்று சொல்வதற்கு முன், அவர் கையில் உண்மையில் என்ன கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

காசநோய் விஷயத்தில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1956ல் அங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அதுவரை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தால்தான் குணம் என்று உலகம் நம்பியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமையில் சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. ஒரு வருஷ சிகிச்சைக்குப் பின் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டு மனிதர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959ல் வெளியான இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருக்கும் ஏழையிடமும் மருந்தை நம்பிக் கொடுக்கலாம் என்று அது காட்டியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் கொடுத்த மருந்தை எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதையும் அதே சென்னை மையம் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் கண்டுபிடித்தது. அதன் விளைவாக, கண் முன்னால் மாத்திரை விழுங்க வைக்கும் முறை வளர்ந்தது. 1997 முதல் நாடு முழுவதும் பரவிய டாட்ஸ் திட்டத்தின் வேர் இதுதான். தினக்கூலி வேலைக்காரர் மாத்திரைக்காக மையத்துக்குப் போய் நிற்க வேண்டும். அரை நாள் கூலி போகும். அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரியும். பின்னால் ஒரு சாமர்த்தியமான ஏற்பாடு வந்தது. மாத்திரை அட்டையில் மாத்திரையைப் பிதுக்கினால் அதன் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். கட்டணமில்லாமல் அந்த எண்ணுக்கு ஒரு போன் செய்தால், இன்றைக்குச் சாப்பிட்டாயிற்று என்று பதிவாகும். மேற்பார்வையும் இருக்கிறது, மனிதரின் மரியாதையும் காப்பாற்றப்படுகிறது. அரசாங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசித்தேன்.

நோயாளி தன் கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பதற்கு மும்பையிலேயே ஓர் உதாரணம் உண்டு. பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் இளம் வயதிலேயே இரண்டு முறை காசநோயால் பாதிக்கப்பட்டவர். 2013ல், இரண்டாவது முறை சிகிச்சையின்போது, ஒரு ஊசி மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தார். பரதநாட்டியம் பயின்ற பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட இடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெடாகுவிலின் என்ற புதிய மாத்திரை இருந்தால் செவியைக் கெடுக்கும் அந்த ஊசிகளைத் தவிர்க்கலாம். ஆனால் அதன் விலை அதிகம். அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. இதே மாதிரி செவியை இழந்த தென்னாப்பிரிக்கப் பெண் ஃபுமேஸா டிசிலேயுடன் சேர்ந்து, 2019 பிப்ரவரியில் நந்திதா அந்த விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் தாக்கல் செய்தார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவருடைய செவி திரும்பவில்லை. ஆனால் பின்னால் வரும் நோயாளிகளின் செவியைக் காப்பாற்றும் மருந்து மலிவாகக் கிடைக்க வழி பிறந்தது. இப்படியும் ஒரு நோயாளி நோயை ஆளலாம்.

நம் வீடுகளில்

தாராவியில் நோயாளியின் கையைக் கட்டுவது வறுமை. மாதுங்காவிலும் செம்பூரிலும் கட்டுவது பாசம். வருத்தப்படாமல் கேளுங்கள்.

நம் ஆத்தில் அப்பாவுக்குப் பெரிய வியாதி என்றால் முதலில் நடப்பது என்ன? ரிப்போர்ட்டை அவரைத் தவிர எல்லோரும் படிக்கிறார்கள். "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கோ, தாங்கமாட்டார்" என்று டாக்டரிடமே சொல்லி வைக்கிறார்கள். நாற்பது வருஷம் ஆபீஸில் நூறு பேருக்குத் தலைவராக இருந்தவர், தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் படுத்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். கீமோ வார்டின் பெயர்ப் பலகையை அவரும்தான் படிக்கிறார். அவர் நமக்காகவும் நாம் அவருக்காகவும் நாடகம் போடுகிறோம். தன் நோயை எடுத்துச் சொல்ல வேண்டியது நோயாளியின் குணம் என்று சரகர் சொல்லியிருக்க, நாம் அவர் வாயையே மூடிவிடுகிறோம்.

என் அத்திம்பேர் 79 வயதில் வயிற்றுப் புற்றுநோயில் படுத்திருந்தார். எந்த நேரத்தில் குளிப்பது, யார் பார்க்க வரலாம், ரேடியோ வைக்கலாமா கூடாதா, எல்லாம் மற்றவர்கள் முடிவு. அக்காவின் நாட்டுப்பெண் ஒரு நாள் அவரிடம் போய், "மாமா, நாளைலேர்ந்து யார் எப்ப வரலாம்னு நீங்களே ஒரு நோட்டுல எழுதிடுங்கோ. அதுல இல்லாதவாளை நான் உள்ள விடமாட்டேன்" என்றாள். அன்றைக்கு அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடி கேட்டார். கடைசி ஏழு வாரமும் அந்த நோட்டு அவர் தலைமாட்டில் இருந்தது. நோய் ஒரு இம்மியும் குறையவில்லை. ஆனால் அவர் மறுபடியும் வீட்டுத் தலைவரானார்.

இது ஏதோ ஒரு வீட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1976ல் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனை பிரசித்தமானது. ஒரு மாடியில் இருந்தவர்களுக்கு, உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யலாம் என்று சொல்லி, ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியில், உங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, செடிக்கும் பணியாளர்களே தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் அதிக உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் காணப்பட்டார்கள். சிறிய எண்ணிக்கையில் செய்த சோதனைதான். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வருஷம் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் வேறொரு இல்லத்தில், மாணவர்கள் பார்க்க வரும் நேரத்தை முதியவர்களே முடிவு செய்யும்படி ஏற்பாடு செய்தார். அவர்களும் தெளிவாக இருந்தார்கள். ஆனால் ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, அந்த முன்னேற்றம் நீடிக்கவில்லை, சரிந்தது. கொடுத்துவிட்டுப் பறிப்பது நல்லதல்ல என்பதே அதில் நமக்குப் பாடம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது, தைரியமாக இருந்தால் கான்சர் ஓடிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நோய் முற்றும்போது அந்த மனிதர், நான்தான் சரியாக தைரியமாக இல்லை போலிருக்கிறது என்று வலியோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கிறார். நோயின் போக்கு நம் கையில் இல்லாதபோது இருக்கிறது என்று சொல்லக் கூடாது. இன்றைய பொழுது நம் கையில் இருக்கும்போது இல்லை என்றும் சொல்லக் கூடாது.

பேச முடியாமல் போகும் நாள்

கடைசியாக ஒரு விஷயம். சிலருக்கு அபசகுனமாகப் படலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து சற்றுத் தூரத்தில் பரேலில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது. அங்கே நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக் 1973ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் 2015 வரை அங்கேயே கிடந்தார். சக நர்ஸுகள் 41 வருஷத்துக்கு மேல் அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடர்ந்த வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி தரவில்லை. அவருக்காகப் பேசும் உரிமை அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. ஆனால் தக்க பாதுகாப்புகளுடன் செயற்கை உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கொள்கையை அன்றே ஏற்றது. அருணா என்ன விரும்பியிருப்பார் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவர் சொல்ல வாய்ப்பே இல்லை.

நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், குணமாக வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஸட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். மும்பை மருத்துவர் நிகில் தாதர் உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகு, 2024ல் மஹாராஷ்டிரத்தில் இந்தப் பத்திரங்களை வாங்கிப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்புகளில் அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். நம் பத்திரம் நாம் பேச முடியாத நிலையில்தான் செயலுக்கு வரும். அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இது உயிரைப் போக்கச் சொல்வது அல்ல. வலிக்கு மருந்து கொடுப்பதை நிறுத்தச் சொல்வதும் அல்ல.

நான் எழுதிவிட்டேன். நினைவு தெளிவாக இருந்து, மனிதர்களை அடையாளம் தெரியும் வரை டயாலிசிஸ் தொடரட்டும். அதன் பிறகு வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். நியூ ஜெர்சியிலிருக்கும் என் பெண், "அப்பா, இதெல்லாம் பேசாதே" என்று போனை வைத்துவிட்டாள். மறுவாரம் அவளே கூப்பிட்டு, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். பெங்களூரிலிருக்கும் பையன் ஒரு பிரதி வாங்கிக்கொண்டான். என் மனைவி எதுவும் சொல்லாமல், பத்திரத்தை எல்.ஐ.சி. பாலிசிகள் இருக்கும் பையில் வைத்தாள். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். நாளை என்ன ஆகும் என்பது என் கையில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் குழந்தைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் மனஸ்தாபப்பட வேண்டாம் என்பதை என்னால் இன்றே பார்த்துக்கொள்ள முடிந்தது.

உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

வீட்டில் கடுமையான நோயாளி இருந்தால், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவுதான், மதியுங்கள்.

டாக்டர் அறையில் நோயாளியைப் பேசவிடுங்கள். அவருக்குப் பதில் நீங்கள் பேசாதீர்கள். கேட்க வேண்டியதை முந்தின நாளே அவர் கையால் எழுதி வைக்கட்டும்.

தினமும் ஒரு காரியமாவது முழுக்க அவர் பொறுப்பில் இருக்கட்டும். மாத்திரை டப்பாவை நிரப்புவதோ, எடை குறித்து வைப்பதோ, துளசி மாடத்துக்குத் தண்ணீர் விடுவதோ, எதுவானாலும் சரி. கொடுத்ததை, மெதுவாகச் செய்கிறார் என்பதற்காகப் பிடுங்காதீர்கள்.

பூஜை, ஜபம், வேண்டுதல் எதையும் மருந்துக்கு எதிரியாக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வித்தை நம்மவர்களுக்கு இயல்பாகவே உண்டு.

நோய் முற்றினால் நோயாளியைக் குற்றம் சொல்லாதீர்கள். 'அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை எந்த வியாதியையும் குணப்படுத்தியதாகத் தெரியவில்லை.

60 வயது தாண்டிய ஒவ்வொருவரும், உடம்பு நன்றாக இருக்கும்போதே, கடைசிக் காலச் சிகிச்சை பற்றித் தன் விருப்பத்தைக் குழந்தைகளிடம் சொல்லி, எழுதியும் வையுங்கள். நம் சங்கத்தின் கிளைகள் தங்கள் ஊரில் ஒரு வக்கீலையும் ஒரு டாக்டரையும் அழைத்து இதற்காக ஒரு மாலை ஒதுக்கினால் மிகவும் உபயோகமாக இருக்கும். மும்பைக் கிளை முதலில் செய்யும் என்று செயலாளர் தலையசைக்கிறார். இதை நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஆனால் பதில் சொல்லும்போது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டாம். இன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது.